பெட்டிக்கு முன்னால நாலு ஆம்பியர்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறீங்க. நேத்து ஒரு தடவை எடுத்தீங்க, மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்புறம் கட் ஆயிடுச்சு. கடுதாசியைப் பாதியில கட் பண்ண முடியாது இல்லையா, அதான் பேனாவைத் தேடி எடுத்தேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்குங்க.

அக்கா இங்கதான் இருக்காங்க. பயப்படாதீங்க. ஒரே ஒரு பையோட வந்து நின்னாங்க. சின்னவ கதவைத் திறந்து, "என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"ன்னா. "தங்கச்சி வீட்டுக்கு வர முன்பதிவு பண்ணணுமாடி?"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்போட சரி. அதுக்கப்புறம் உங்களைப் பத்தி என்ன கேட்டாலும் "நல்லா இருக்கார்"ங்கிறாங்க, பாத்திரத்தைத் தேய்க்கத் திரும்பிக்கிறாங்க. கழுவின பாத்திரத்தையே ரெண்டாந்தரம் கழுவுறாங்க.

எனக்கு எதுல சந்தேகம் வந்ததுன்னா, கூடத்துல இருக்கிற டேபிள் ஃபேன் ரொம்ப நாளா கரகரன்னு கத்துது. எப்பவும் அக்கா வந்தா செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே, "இது ஏன் இப்படி அழுவுது, கழட்டிக் கொடுங்க, நான் சரி பண்ணிடுறேன்"ம்பாங்க. இந்தத் தடவை அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிடுறாங்க. திரும்பிக்கூடப் பார்க்கல.

என்னண்ணே நடந்தது? ஒரே வீட்டுல நீங்க பெரியவளைக் கட்டினீங்க, நான் சின்னவளைக் கட்டினேன். சகலைன்னா ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லும். நமக்குள்ள இதுவரைக்கும் ஒரு முகச்சுளிப்பு வந்ததில்ல. அந்த மோட்டர் விஷயத்துல என்மேல கோவம்னா நேரா திட்டிடுங்க. பிஸ்கட் அடுப்புக்குள்ள பெல்ட்டை இழுக்கிற மோட்டர், நீங்க கட்டிக் கொடுத்து மூணாவது தடவையும் எரிஞ்சுபோச்சு. அது பதினொரு ஆம்பியர் தாங்கும்னு அதுமேலயே போட்டிருக்கு. கரண்டை அளக்கிற என் கிளாம்ப் மீட்டரை வயர்ல மாட்டிப் பார்த்தா ஒரு நாளும் நாலைத் தாண்டினதில்ல. நாலு ஆம்பியர் இழுக்கிற மோட்டர் ஏன் எரியணும்னு முதலாளி கேட்டார். அப்ப கோளாறு வைண்டிங்லதான், கம்பி சுத்திக் கட்டினதுலதான் இருக்கும்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? மீட்டர் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் தனக்குத் தெரிஞ்ச ஃபேக்டரிக்காரங்ககிட்ட எல்லாம் தண்டோரா போடுவார்னு நான் கனவா கண்டேன்?

ஒரு வரி எழுதுங்க. சின்னவ ரொம்பக் கவலைப்படுறா.

தம்பி


பிப்ரவரி 17

சகலைக்கு,

உன் கடுதாசி வந்தது. படிச்சேன், கிழிச்சேன், குப்பையில போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டி மறுபடி படிச்சேன். அதனால நான் கோவமா இருக்கேனா இல்லையான்னு என்கிட்ட கேக்காதே, எனக்கே தெரியல.

போன்ல பேச மாட்டேன். போன்ல என் வாய் எனக்கு முன்னால ஓடும். எழுதினாலாவது கை வலிச்சு நின்னுடும்.

என்ன நடந்ததுன்னு கேக்கிறே. உன் மீட்டர் உன்கிட்ட சொல்லிச்சு. நீ உன் முதலாளிகிட்ட சொன்னே. அவர் ஊருக்கே சொன்னார். ஊர் என்கிட்ட சொல்லிச்சு. நான் அவகிட்ட சொன்னேன். ஆளாளுக்குச் சொல்லி முடிச்சாச்சு, வாங்கிக் கட்டிக்கிட்டது அவ ஒருத்திதான்.

இந்தக் கடையில யாருக்கு என்ன வேலைன்னு உனக்குத் தெரியும். எரிஞ்ச கம்பியை வெட்டி எடுக்கிறது, புதுக் கம்பியைக் காயிலா சுத்துறது, வார்னிஷ் ஊத்துறது, வர்றவன்கிட்ட வாய் அடிக்கிறது எல்லாம் நான். கம்பியை ஒவ்வொண்ணா மோட்டர் உள்பக்கம் இருக்கிற ஸ்லாட் இடுக்குக்குள்ள இறக்கி, பேப்பர் மடிச்சு, ஆப்பு வெச்சுத் தட்டுறது அவ. கல்யாணமான மறுமாசத்துலேருந்து அவதான். என் விரல் தடி, எனக்கு அது வராது. போர்டுல என் பேர், உள்ள அவ கை. இது ஊர் அறிஞ்ச ரகசியம்.

உன் முதலாளி புண்ணியத்துல ஒவ்வொருத்தரா வந்து மோட்டரைத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு மரம் அறுக்கிற மில்காரர் வந்து நின்னார். பாதி கட்டின மோட்டரை, "அப்படியே கொடுத்துடுங்க, வேற இடம் பார்த்துக்கிறேன்"ங்கிறார். ரொம்பப் பழைய ஆளு. அவரும் போயிட்டா கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான். என்ன செய்யுறதுன்னு தெரியாம சொல்லிட்டேன். "இவளுக்குக் கை தளர்ந்துபோச்சு சார். கண்ணும் முன்ன மாதிரி இல்ல. இனிமே இவளைப் பெரிய மோட்டர் தொட விடமாட்டேன்"னு. அவ எதிரேதான் உட்கார்ந்திருந்தா. அந்த மில் மோட்டரைத்தான் மடியில வெச்சிருந்தா. அவ கையில இருந்த காயிலை நான் பிடுங்கினேன். கம்பி விரலைக் கிழிச்சுடுச்சு.

அவ விரலை வாயில வெச்சுக்கிட்டு, கீழ சிந்தியிருந்த பேப்பர் துண்டையெல்லாம் கூட்டி அள்ளினா. மேஜையைத் துடைச்சா. மறுநாள் காலைல பஸ் ஏறிட்டா. நான் தடுக்கல. ரெண்டு நாள்ல திரும்பி வருவா, வராம எங்க போவான்னு உட்கார்ந்திருந்தேன்.

மில்காரர் அப்படியும் மோட்டரை எடுத்துட்டுத்தான் போனார். அதையும் சொல்லிடுறேன், நீயும் கொஞ்சம் சிரி.

சாப்பிடுறாளா? விரல் ஆறிச்சா? நான் கேட்டேன்னு சொல்லாதே.


மார்ச் 2

அண்ணனுக்கு,

விரல் ஆறிடுச்சு. தழும்பு இருக்கு. அது எப்படி வந்ததுன்னு சின்னவ கேட்டப்ப காய் நறுக்கினேன்னு சொன்னாங்களாம். உங்க கடுதாசியை சின்னவ என் சட்டைப் பையிலேருந்து எடுத்துப் படிச்சுட்டா. அன்னியிலேருந்து உங்களைத் திட்ட வேண்டியதையும் சேர்த்து என்னைத்தான் திட்டுறா. பனைமரத்துல தேள் கொட்ட, தென்னைமரத்துல நெறி கட்டிச்சாம்பாங்களே, அந்தக் கதைதான் நம்ம வீட்டுல. எனக்குச் சோறு போடுற கரண்டி சத்தமே மாறிப்போச்சு.

சரி, அதுக்காக இதை எழுதல. ஒண்ணு கேக்கணும்.

முதலாளி புது மோட்டர் வாங்கிப் போட்டார். பெட்டியைப் பிரிச்சு நான்தான் மாட்டினேன். கம்பெனியில கட்டினது, யார் கையும் படாதது. மாட்டி ஒரு வாரம்கூட ஆகல, நேத்து அது மேல கை வெச்சேன். வெச்ச வேகத்துல எடுத்துட்டேன் அண்ணே. அப்படிக் கொதிக்குது. மீட்டரை மாட்டிப் பார்த்தேன். அதே நாலு. இன்னொரு தடவை, இன்னொரு வயர்ல பார்த்தேன். நாலுதான்.

எரிஞ்ச மோட்டரை மூணு தடவையும் நீங்கதானே பிரிச்சீங்க. உள்ள எப்படி எரிஞ்சிருந்தது? ஒரு இடத்துல மட்டும் பொசுங்கி இருந்ததா, இல்ல சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகி இருந்ததா? கட்டினதுல கோளாறுன்னா ஒரு இடத்துலதானே முதல்ல போகும்? இதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும். ஏன் கேக்கலன்னு யோசிச்சா, மீட்டர் கையில இருந்ததால கேக்கத் தோணலன்னுதான் வருது.

ஞாபகப்படுத்தி எழுதுங்க. அது தெரியாம நான் வேற எதுவும் சொல்ல விரும்பல.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

ஞாபகப்படுத்த ஒண்ணும் இல்ல. கண்ணை மூடினா அதுதான் நிக்குது.

எல்லாப் பக்கமும் ஒரே கருப்பு. மூணு தடவையும். ஒரு காயில்கூட மிச்சமில்லாம, சொல்லி வெச்ச மாதிரி.

அது மட்டும் இல்ல. மூணாவது தடவை பிரிச்சப்ப அவ என் பக்கத்துல இருந்தா. உள்ள விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "இது நம்ம கட்டினதுல போகலங்க, அளவுக்கு மேல இழுத்துச் சூட்டுல வெந்துபோயிருக்கு. தம்பிகிட்ட சொல்லி நல்லாப் பார்க்கச் சொல்லுங்க"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுச் சொல்றான். மீட்டரைவிட உனக்கு அதிகமா தெரியுமா?"ன்னேன். அதோட அவ வாயை மூடிக்கிட்டா.

அவ சொன்னது எனக்கும் தெரிஞ்சதுதான், தம்பி. இந்தக் கடையில எத்தனை கருகின மோட்டரைப் பிரிச்சிருப்பேன்! ஒரே மாதிரி கருகினா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? கண்ணெதிரே இருந்தது. கண்ணு பொய், நம்பர் நிஜம்னு நினைச்சேன். ஒரு நம்பரைச் சொன்னா அதுக்கு மேல பேச்சு கிடையாதுன்னு ஒரு மரியாதை வந்துடுது பாரு, அந்த மரியாதையில கவுந்தேன்.

நீ என்னத்தையோ கண்டுபிடிச்சிருக்கே. மென்னு முழுங்காம சொல்லித் தொலை.


மார்ச் 21

அண்ணனுக்கு,

சொல்லிடுறேன். தப்பு என்னோடது. இதை எழுதவே ரெண்டு தாள் கிழிச்சுட்டேன்.

அந்த மோட்டருக்கு முன்னால ஒரு இன்வெர்ட்டர் பெட்டி இருக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறதுக்காக போன வருஷம் மாட்டினது. லைன்ல வர்ற கரண்ட் பெட்டிக்குள்ள போகும், பெட்டி அதைத் துண்டு துண்டா நறுக்கி, நமக்கு வேண்டிய வேகத்துக்கு ஏத்த மாதிரி மோட்டருக்குக் கொடுக்கும். நான் முதல் நாள் என் மீட்டரை மோட்டருக்குப் போற வயர்லதான் மாட்டினேன். நம்பர் நிக்கவே இல்ல. ரெண்டுங்குது, ஒம்பதுங்குது, அஞ்சுங்குது. நறுக்கின கரண்டை அந்தப் பழைய மீட்டரால படிக்க முடியாது. அது எனக்குத் தெரியல. அதனால பெட்டிக்கு முன்னால, லைன்லேருந்து வர்ற வயர்ல மாட்டினேன். அங்க ஆடாம அசையாம நாலுன்னு நின்னுச்சு. அதை நம்பிட்டேன்.

புது மோட்டரும் கொதிக்கவே பெட்டி கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினோம். அவங்க சர்வீஸ் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. என்னை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "சார், மோட்டர் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கு, நீங்க ஏன் இந்தப் பக்கம் அளக்குறீங்க?"ன்னு கேட்டுச்சு. அண்ணே, நெஜமா சொல்றேன், பூமி பிளந்து என்னை உள்ள இழுத்துக்கிட்டா தேவலாம்னு இருந்தது. மெதுவா ஓடுறப்ப லைன்லேருந்து பெட்டி கொஞ்சம்தான் வாங்குமாம், ஆனா மோட்டருக்குள்ள நிறையத் தள்ளுமாம். ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு நான் பாட்டுக்கு முடிவு பண்ணிக்கிட்டேன். அந்தப் பொண்ணு தன்னோட மீட்டரை மோட்டர் வயர்ல மாட்டிச்சு. நறுக்கின கரண்டையும் சரியா படிக்கிற மீட்டர் அது. பதிமூணு காட்டிச்சு.

தடி பிஸ்கட் ஒண்ணு புதுசா போட ஆரம்பிச்சதுலேருந்து அது அடுப்புல ரொம்ப நேரம் வேகணும்னு பெல்ட்டை மெதுவா ஓட்டுறோம். மோட்டர் மெதுவா சுத்தினா அது முதுகுல இருக்கிற ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும். இழுக்கிறது அளவுக்கு மேல, காத்து பாதி. எப்படி எரியாம இருக்கும்?

இன்னும் முடியல. அந்தப் பெட்டி மூஞ்சியிலேயே பதிமூணுன்னு நம்பர் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. பெட்டி விக்கிறவன் காட்டுற நம்பரை எவன் நம்புவான்னு ஒதுக்கிட்டேன். அளவு மீறினா பெட்டியே மோட்டரை நிறுத்தும். மூணு நாலு தடவை நிறுத்திச்சு. சும்மா சும்மா நின்னா வேலை கெடுதேன்னு நான்தான் அந்த வரம்பை ஏத்தி விட்டேன். அது கத்தினப்ப நான் வாயைப் பொத்தினேன்.

முதலாளிகிட்ட அப்பவே போய்ச் சொல்லிட்டேன். அவர் போட்ட சத்தத்துல பிஸ்கட் அடுக்குற பொம்பளைங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. என்னைப் பராமரிப்புலேருந்து எடுத்து ஸ்டோர்ல உட்கார வெச்சுட்டார். இப்ப ஸ்க்ரூ எண்ணிக் கொடுக்கிறேன். அதுக்கு நான் வருத்தப்படல. அவர் யார்கிட்டயெல்லாம் உங்க கடையைப் பத்திச் சொன்னாரோ அத்தனை பேர்கிட்டயும் நானே நேர்ல போய் நின்னு, வைண்டிங் நல்லா இருந்தது, அளந்தவன்தான் முட்டாள்னு சொல்லிட்டு வந்தேன். ஒருத்தர் டீ கொடுத்தார். ஒருத்தர் கேட்டுலயே நிக்க வெச்சார்.

வீட்டுல சாப்பிட உட்கார்ந்தப்ப சொன்னேன். சின்னவ தண்ணி டம்ளரை வெச்ச வெப்புல பாதி சிந்திடுச்சு. அக்கா மட்டும், "பதிமூணா?"ன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன். "காத்தும் இல்லாம?" ஆமாக்கா. "அடப்பாவமே, அப்படியும் அத்தனை நாள் தாங்கியிருக்கே!"ன்னாங்க. தன் பிள்ளையைப் பத்திப் பேசுற மாதிரி இருந்தது. அப்புறம் மாடியில காயுற துணியை எடுத்துட்டு வர்றேன்னு போனாங்க. ரொம்ப நேரம் வரல. சின்னவ போய்த்தான் கூட்டிட்டு வந்தா. ரெண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்க வாய் வரல. அக்கா உங்ககிட்ட திரும்பி வரணும், அது மட்டும் நடந்தா போதும்.

தம்பி


மார்ச் 27

அடேய் சகலை,

உன்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டணும்னுதான் உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினேன், சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அழுகை வந்துடுச்சு. பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்துட்டு, "என்னங்க, லாட்டரி விழுந்திருக்கா, சாவு விழுந்திருக்கா?"ங்கிறான். ரெண்டும்தான்டான்னேன்.

பதிமூணு ஆம்பியர்! காத்து கிடையாது! எவன் கட்டின மோட்டர் அவ்வளவு நாள் ஓடும்? அவ கட்டினது ஓடிச்சு. நான் கடை வாசல்ல நின்னு போறவன் வர்றவனை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். மில்காரர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். மனுஷன் மறுநாளே ஆளை அனுப்பிட்டார். நீ போய் நின்ன இடத்துலேருந்தும் மோட்டர் வர ஆரம்பிச்சிருக்கு. கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல, அத்தனையும் அவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.

உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா நீ வாசல் வாசலா ஏறி இறங்கினதுல பாதி கரைஞ்சுடுச்சு. மிச்சத்தை நேர்ல வந்து காட்டுறேன்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். அவ பையைக் கட்டி வெக்கச் சொல்லு. மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிடணும், திங்கக்கிழமை காலைல ரெண்டு மோட்டர் அவசரம். தப்பு அவமேல இல்லன்னு தெளிவா ஆயிடுச்சு இல்ல, இனிமே என்ன இருக்கு? வீட்டைக்கூட கூட்டி வெச்சிருக்கேன். அவ உட்காருற பலகைக்குப் புதுசா ஒரு மெத்தை தைக்கக் கொடுத்திருக்கேன், அதைச் சொல்லிடாதே, நானே காட்டணும்.


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

பஸ் ஸ்டாண்டுல நீங்க என்கிட்ட ஒண்ணும் பேசாம ஏறிட்டீங்க. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கல. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த தகவலும் இல்ல. அதனால நானே எழுதுறேன்.

அக்கா உங்களுக்கு டீ கொடுத்தாங்க, ஊர் விஷயம் கேட்டாங்க, சிரிச்சுக்கூடப் பேசினாங்க. "கிளம்பலாமா"ன்னு நீங்க எழுந்தப்ப, "நீங்க போயிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. நீங்க நின்ன நிலை இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. நானும் சின்னவளும் எங்க பார்க்கிறதுன்னு தெரியாம சுவத்தைப் பார்த்துக்கிட்டிருந்தோம்.

நீங்க போனதுக்கப்புறம் சின்னவ அக்காகிட்ட சண்டைக்கே போயிட்டா. "அவர்தான் வந்து கூப்பிட்டாரே, தப்புன்னு ஒத்துக்கிட்டாரே, இன்னும் என்ன வீம்பு?"ன்னா. அக்கா சொன்னதை நான் அப்படியே எழுதுறேன். எழுதணுமான்னு ரொம்ப யோசிச்சேன். உங்ககிட்ட மறைச்சா அது இன்னொரு தப்பான நம்பரைக் காட்டின மாதிரி ஆயிடும்.

"மீட்டர் தப்புன்னு தெரிஞ்சதால வந்து கூப்பிடுறார். மீட்டர் சரியாவே இருந்திருந்தா?"

அவ்வளவுதான் கேட்டாங்க.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா, எல்லாம் என்னால வந்தது, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அவரை விட்டுடுங்கன்னேன். அதுக்கு அவங்க, "உங்ககிட்ட எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மீட்டரைத் தெரியும், என் கையைத் தெரியாது. தப்பு பண்ணினீங்க, போய் நாலு பேர்கிட்ட சொன்னீங்க, முடிஞ்சது. அவர் அப்படியா? இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தவர்"னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க.

இன்னொண்ணும் நீங்க தெரிஞ்சுக்கணும். இங்க மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு வைண்டிங் கடை இருக்கு. அக்கா அங்க வேலைக்குப் போறாங்க. அவங்களே போய்க் கேட்டாங்க, கடைக்காரர் ஒரு பழைய மோட்டரைக் கொடுத்துக் கட்டச் சொல்லிப் பார்த்தாராம், மறுநாளே வரச் சொல்லிட்டார். எங்க வீட்டு டேபிள் ஃபேனையும் கழட்டிச் சரி பண்ணிட்டாங்க. சத்தமே இல்ல. அந்த அமைதிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது.

ஒரு மாசம் போகட்டும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல சொல்ல எனக்குத் தகுதி இல்ல.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

உன்னோட ரெண்டு கடுதாசிக்கு நான் பதில் போடல. போட என்ன இருக்கு? அவ கேட்ட கேள்விக்கு பதில் கிடைச்சா எழுதலாம்னு இருந்தேன். மீட்டர் சரியா இருந்திருந்தா, அவளை அப்படியே அங்க விட்டுட்டு இங்க உட்கார்ந்து, என் பக்கம்தான் நியாயம்னு ஊர்ல பேசிக்கிட்டு இருந்திருப்பேன். இதுதான் பதில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு மாசமா? முதல் நாளே தெரியும். எழுதத்தான் கை வரல.

கடை ஓடுது. நல்லாவே ஓடுது. வர்றவங்க எல்லாம், "வீட்டம்மா கை வேலைதானே?"ன்னு கேக்கிறாங்க. ஆமாம்னு தலையாட்டுறேன். உள்ள கொண்டு போய் இந்தத் தடி விரலை வெச்சுக்கிட்டு நானே கட்டுறேன். அவ ஒரு மத்தியானத்துல முடிக்கிறதை நான் ரெண்டு நாள் இழுக்கிறேன். கேட்டா, அவளுக்கு உடம்பு முடியல, அதான் தாமதம்ங்கிறேன். பொய்யும் அவ பேர்லயே சொல்றேன் பாரு.

நேத்து மாவு மில் வெச்சிருக்கிற அம்மா வந்தாங்க. நான் கட்டிக் கொடுத்த மோட்டர் பத்து நாள்கூட ஓடல, எரிஞ்சுபோச்சு. பிரிச்சுப் பார்த்தேன். ஒரே ஒரு இடம். ஸ்லாட் வாயில பேப்பர் சரியா மடியாம கம்பி உரசி, அந்த இடத்துல மட்டும் பொசுங்கியிருக்கு. மத்ததெல்லாம் பளபளன்னு புதுசா இருக்கு. இதுக்கு மீட்டரே வேண்டாம்.

அந்தம்மா கோவமாக்கூடப் பேசல. வருத்தமா, "உங்க வீட்டம்மா கட்டினா இப்படி ஆகாதே. அவங்களுக்கும் வயசாகுது போல, கை தளர்ந்திருக்கும்"னாங்க.

ஒரு வார்த்தை, தம்பி. நான் ஆமாம்னு தலையாட்டி இருந்தா போதும், கடை தப்பிச்சிருக்கும். தலை ஆடவும் பார்த்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ஆடப் பார்த்துச்சு.

"இல்லம்மா, இது என் கை. அவ கட்டல"ன்னேன். அவங்க எங்கன்னு கேட்டாங்க. "அவ கை சரியில்லன்னு நாலு பேர் முன்னால சொன்னேன், போயிட்டா. அவ கையில ஒரு குறையும் இல்ல"ன்னேன். கடையில இன்னும் ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. கேக்கட்டும்.

அந்தம்மா, "அவங்க இப்ப எந்தக் கடையில கட்டுறாங்க?"ன்னு கேட்டாங்க. உங்க ஊர் மார்க்கெட்டுக்குப் பின்னாலன்னு நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். மோட்டரை நானே தூக்கி வண்டியில வெச்சேன். இன்னிக்கு நாளைக்குள்ள அங்க வந்து சேரும்.

அது யார் கட்டினதுன்னு நீ அவகிட்ட எதுவும் சொல்லாதே. உள்ள நான் ஒண்ணும் தொடல, பிரிச்சது பிரிச்சபடி இருக்கு. மூடியைக் கழட்டினதும் கட்டினது யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். திட்டினா திட்டட்டும், சிரிச்சா சிரிக்கட்டும், அதை எனக்கு எழுத வேண்டாம். அந்தம்மாவுக்கு மில் நின்னுபோயிருக்கு, சீக்கிரம் கட்டிக் கொடுக்கச் சொல்லு, அது போதும்.